ஸ்டீல், கண்ணாடி, எக்ஸ்ரே: மருத்துவப் பொருட்களைப் படம் எடுக்கும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

அப்பா ஒரு சிறு ஊர் கிளினிக்கில் கம்பவுண்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்த நாளில் ஒரு தகரப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வெந்நீரில் கொதிக்கவைத்துப் பயன்படுத்திய கண்ணாடி சிரிஞ்சு இரண்டு, ஓரம் பெயர்ந்த எனாமல் கிட்னி டிரே (சிறுநீரக வடிவத் தட்டு), ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி), மெஷர் கிளாஸ், அளவுக் காகிதம் ஒட்டிய மிக்சர் பாட்டில். அந்தக் காகிதப் பட்டையின் ஓரத்தில் கத்திரியால் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டியிருப்பார்கள். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை குடித்தால் ஒரு வேளை மருந்து.

இவற்றைப் படமாக்கி வைக்க வேண்டும் என்றுதான் நான் இந்தப் பக்கம் வந்தேன். முதல் நாள் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஃபோர்செப்ஸில் என் சட்டை தெரிந்தது, சிரிஞ்சு சுவரோடு சுவராகக் கரைந்து போயிருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகக் காரணம் தேடிக் கற்றுக்கொண்டேன். மருத்துவப் பொருட்களில் பாதி பளபளக்கும், மீதிப் பாதி ஒளியை ஊடுருவ விடும். அதனால் பொருளைச் சுற்றி நாம் என்ன வைத்திருக்கிறோமோ அதுவே பொருளுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கோளாறு முக்கால்வாசி அங்கேதான். புது லென்ஸ் வாங்கி அதைத் தீர்க்க முடியாது. இரண்டு சார்ட் பேப்பரும் ஒரு பழைய வேட்டியும் தீர்த்துவிடும்.

உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். அதற்கு முன் எந்தக் கோளாறுக்கும் பொதுவாக ஒரு வேலை இருக்கிறது. அறையின் டியூப் லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் வையுங்கள், அல்லது ஜன்னல் வெளிச்சம் மட்டும் போதும். லென்ஸைத் துடையுங்கள். கேமராவை டிரைபாடில் வைத்து 2 நொடி டைமர் போடுங்கள். போனில் எடுப்பவர்கள் பக்கத்தில் போய் எடுக்காமல் ஓரடி பின்னால் வந்து 2 மடங்கு ஜூமில் எடுங்கள். ஸ்டெதஸ்கோப்பின் வட்டம் முட்டை வடிவமாகத் தெரிவது அதிலேயே சரியாகும். இவ்வளவு செய்தும் கோளாறு இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

ஸ்டீல் கருவியில் ஓரிடம் சுள்ளென்று வெளுத்து, மற்ற இடமெல்லாம் கறுத்துத் தெரிகிறது

பாலிஷ் போட்ட ஸ்டீல் ஒரு கண்ணாடி. முகம் பார்க்கும் கண்ணாடியை எப்படிப் படம் எடுப்பீர்களோ அப்படித்தான் இதையும் எடுக்க வேண்டும். வெளுத்த இடம் உங்கள் பல்பின் பிம்பம், கறுத்த இடம் இருட்டான அறையின் பிம்பம்.

இதை ஒரு சோதனையில் உறுதி செய்துகொள்ளலாம். லென்ஸ் இருக்கும் உயரத்தில் உங்கள் கண்ணை வைத்து ஃபோர்செப்ஸைப் பாருங்கள். வீட்டில் யாரையாவது மேஜையைச் சுற்றிக் கையை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் கை வந்ததும் ஸ்டீலில் கை தெரிகிறதோ அந்த இடத்தைத்தான் அந்தக் கருவி ‘பார்த்துக்கொண்டிருக்கிறது’. அங்கே ஒரு வெள்ளை சார்ட்டை நிறுத்தி, விளக்கை ஸ்டீலின் மேல் விழாமல் அந்தச் சார்ட்டின் மேல் விழச் செய்யுங்கள். ஒரே நொடியில் ஸ்டீல் முழுக்கப் பால் போல ஒளிரும். ஒளி எந்தக் கோணத்தில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான் இது.

தட்டையான பிளேடுக்கு ஒரு சின்ன சார்ட் போதும். கிட்னி டிரே, ஸ்டெதஸ்கோப்பின் நெஞ்சுப் பகுதி போன்ற வளைந்த பொருட்கள் அறை முழுவதையும் பார்க்கும், உங்களையும் சேர்த்து. அதற்குத்தான் வேட்டி. நான்கு நாற்காலி முதுகுகளில் வெள்ளை வேட்டியைக் கூடாரமாகக் கட்டி, பொருளை உள்ளே வைத்து, விளக்கை வெளியே வைத்து, ஒரு சிறு இடைவெளி வழியாக லென்ஸை மட்டும் நுழையுங்கள். லென்ஸின் கறுப்புப் புள்ளி இன்னும் தெரிந்தால் கேமராவைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி, அந்தப் புள்ளி ஓர் ஓரத்திலோ கீலின் நிழலிலோ விழும்படி செய்யுங்கள்.

கூடாரம் கட்டிய பிறகு பலருக்கும் இரண்டாவது கோளாறு வரும். எல்லாமே வெள்ளை, உருவமே இல்லை, பிளாஸ்டிக் பொம்மை மாதிரி இருக்கிறது என்பார்கள். அப்போது கூடாரத்துக்குள் பொருளின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலக் கறுப்புச் சார்ட் பட்டைகளைத் தொங்கவிடுங்கள். ஸ்டீலின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடுதான் அது உலோகம் என்று கண்ணுக்குச் சொல்கிறது. இதை முதல்முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

போலரைசர் ஃபில்டர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வாங்கினால் இதெல்லாம் வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடி, பிளாஸ்டிக், தண்ணீர் ஆகியவற்றின் பளபளப்பைக் குறிப்பிட்ட கோணங்களில் அது குறைக்கும். வெற்று உலோகத்தின் பளபளப்பைத் தனியாக அதனால் ஒன்றும் செய்ய முடியாது. விளக்கின் முன்னாலும் ஒரு போலரைசர் ஷீட்டைக் கட்டி இரண்டையும் குறுக்காகத் திருப்பினால் பளபளப்பு மறையும். ஆனால் முழுக்க மறையவிட்டால் ஸ்டீல் ஈயம் மாதிரி மங்கிவிடும். பாதி திருப்பினால் போதும்.

கருவியில் பொறித்த எழுத்தும் கீறல்களும் தெரிய வேண்டுமென்றால் கூடாரத்தை எடுத்துவிட்டு, மேஜை மட்டத்தை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரே விளக்கு வையுங்கள். கீறல்களை கம்ப்யூட்டரில் அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பல வருடம் பலர் கைபட்டுத் தேய்ந்த கருவி அது, அதன் வரலாறே அந்தக் கீறல்தான்.

கண்ணாடி சிரிஞ்சு, ஆம்பூல், மெஷர் கிளாஸ் பின்னணியில் கரைந்து போகிறது

கண்ணாடிக்கு முன்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் இது நடக்கும். ஒளி உள்ளே போய் மறுபக்கம் வெளியேறிவிடுகிறது, அங்கங்கே பளிச்சென்று சில புள்ளிகள் மட்டும் மிஞ்சும். கண்ணாடியை அதன் விளிம்பை வைத்துத்தான் நாம் அடையாளம் காண்கிறோம், ஆகவே விளிம்பை எழுப்ப வேண்டும். அதற்கு இரண்டு வழி.

முதல் வழியில் விளிம்பு கறுப்பாக வரும். பொருளுக்கு ஒன்றரை அடி பின்னால் வெள்ளைச் சார்ட்டை நிறுத்தி, விளக்கை அதன்மேல் அடியுங்கள். பொருளின் மேல் ஒளி நேராக விழக் கூடாது. பிறகு பொருளின் இடமும் வலமும், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே, கறுப்புச் சார்ட் வையுங்கள். வளைந்த விளிம்பு ஒளியை வளைத்து அந்தக் கறுப்பைக் காட்டும். பென்சிலால் வரைந்ததுபோல சிரிஞ்சு எழுந்து நிற்கும்.

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். பின்னால் ஒரு பெரிய வெளிச்ச வெள்ளை, அதற்கு முன்னால் படச் சட்டத்தை மறைக்கும் அளவுக்கு மட்டும் கறுப்புச் சார்ட். இப்போது இருட்டுக்குள் விளிம்பு மட்டும் வெள்ளிக் கம்பி போல ஒளிரும். அளவுக்கோடுகள் கறுப்பாகவோ நீலமாகவோ இருக்கும் சிரிஞ்சுக்கு முதல் வழி, வெள்ளைக் கோடுகள் உள்ள மெஷர் கிளாஸுக்கு இரண்டாவது வழி. மாற்றிச் செய்தால் எண்கள் காணாமல் போகும். ஆனால் இருட்டுப் பின்னணியில் ஒரு தூசியும் ஒரு விரல் ரேகையும் மறையாது. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு துடைத்து, ஊதுபந்தால் ஊதிவிட்டு எடுங்கள்.

பழுப்புக் கண்ணாடி மருந்து பாட்டில் வெறும் கறுப்பாகத் தெரிகிறதா? பாட்டிலின் உருவத்தைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு வெள்ளை அட்டையையோ சிகரெட் பெட்டித் தாள் மாதிரியான வெள்ளித் தாளையோ வெட்டி, பாட்டிலுக்குப் பின்னால் கேமராவுக்குத் தெரியாமல் சாய்த்து வையுங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தை அது பாட்டில் வழியாகத் திருப்பி அனுப்பும். தேன் நிறம் உயிரோடு எழும்.

உள்ளே வைத்த நீரில் குமிழி மொய்க்கிறது என்றால், கொதிக்கவைத்து ஆறிய நீரைச் சுவரோரமாக மெல்ல ஊற்றுங்கள். மிஞ்சும் ஒன்றிரண்டு குமிழியை மெல்லிய குச்சியால் தொட்டால் போய்விடும். பழைய சிரிஞ்சின் உள்ளே வெண்படலம் இருந்தால் அது பெரும்பாலும் கொதிக்கவைத்த நீரின் உப்பு. வினிகரில் ஊறவைத்தால் கரையும். பிஸ்டன் இறுகிவிட்டிருந்தால் இழுக்கவே வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் நெடுநேரம் ஊறவிடுங்கள். பழைய கண்ணாடி சிரிஞ்சுகள் பலவற்றில் குழாயிலும் பிஸ்டனிலும் ஒரே எண் பொறித்திருக்கும். இரண்டையும் சேர்த்தே இழைத்துச் செய்ததால் ஒன்றின் பிஸ்டன் இன்னொன்றில் சேராது. இரண்டு சிரிஞ்சுகளை ஒரே நேரத்தில் கழுவும்போது மாற்றிவிடாதீர்கள். மிக்சர் பாட்டிலின் அளவுக் காகிதத்தில் மட்டும் நீர் படக் கூடாது; துணி சுற்றிய குச்சியைப் பாட்டிலின் வாய் வழியே விட்டு உள்ளே மட்டும் துடையுங்கள்.

வெள்ளை மாத்திரையும் பஞ்சும் அழுக்குச் சாம்பலாக வருகின்றன

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்க முயலும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்ச அளவை, +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். ரப்பர் குழாய் போன்ற கறுப்புப் பொருளுக்கு −1 வரை இறக்குங்கள். மாத்திரையின் மேல் அழுந்திய எழுத்து தெரியாவிட்டால் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால் எடுத்து முடித்ததும் எண்ணிப் பார்த்து எடுத்துவையுங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிம்: நடுப்பகுதி வெளுத்துப்போகிறது, குறுக்கே வரிகள் ஓடுகின்றன, பச்சையடிக்கிறது

எக்ஸ்ரே எனக்கு மிகவும் பிடித்த பொருள். அது பிறப்பிலேயே ஒரு புகைப்படம். வில்ஹெல்ம் ரான்ட்கன் 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் அந்தக் கதிரைக் கண்டார். டிசம்பர் 22 அன்று தன் மனைவியின் கையை அதில் படமாக்கினார். எலும்பும் மோதிரமும் தெரியும் அந்தப் படம் பதிந்தது, அந்தக் காலப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய அதே வகைப் புகைப்படத் தகட்டில்.

இங்கே கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஃபிலிமைச் சுற்றியுள்ள வெற்று வெளிச்சம்தான் படம் வெளுப்பதற்கு முதல் காரணம். வியூ பாக்ஸில் (எக்ஸ்ரேயைப் பார்க்க உதவும் விளக்குப் பெட்டியில்) ஃபிலிம் மறைக்காத இடம் முழுவதையும் கறுப்புச் சார்ட்டால் மூடுங்கள். அறையை இருட்டாக்குங்கள், இல்லையென்றால் ஃபிலிமின் பளபளப்பில் மேலே இருக்கும் ஃபேன் தெரியும். அப்படியும் நெஞ்சுப் படத்தில் நுரையீரல் கறுத்தும் எலும்பு வெளுத்தும் போனால், டிரைபாடை அசைக்காமல் −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்து இணையுங்கள்.

குறுக்கே ஓடும் வரிகளுக்குக் காரணம் மின்சாரம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த டியூப் லைட் அதில் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் அதைவிட வேகமாக ஓடினால் மினுக்கலின் ஒரு துண்டு மட்டும் பதியும். 1/50 நொடி அல்லது அதைவிட மெதுவாக வைத்தால் வரிகள் போய்விடும். போகவில்லையா? மலிவான எல்.இ.டி. பேனல்கள் வெளிச்சத்தைக் குறைத்து வைக்கும்போது மினுக்கலாம்; முழு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கேமராவில் சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாமல் மின்னணு முறையில் எடுப்பது) ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

வியூ பாக்ஸ் இல்லாமல் லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து அதன்மேல் ஃபிலிமை ஒட்டி எடுப்பவர்களுக்கு நெளிநெளியான வண்ண அலைகள் வரும். திரையின் புள்ளிகளும் கேமரா சென்சாரின் புள்ளிகளும் ஒன்றோடொன்று மோதுவதால் வருவது அது. ஃபிலிமைத் திரையிலிருந்து 5, 6 சென்டிமீட்டர் முன்னால் நிறுத்தி, இடையில் டிரேசிங் பேப்பர் வையுங்கள்.

பச்சை போவதற்கு, ஃபிலிமை வைக்கும் முன் வெறும் பாக்ஸின் வெளிச்சத்தைக் காட்டி ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) பதிவு செய்துவிட்டு, பிறகு ஃபிலிமை வையுங்கள். அப்போதும் நீலம் இருக்கும், அது கோளாறு அல்ல. எக்ஸ்ரே ஃபிலிமின் அடித்தளத்துக்கே பொதுவாக நீலச் சாயம் ஏற்றியிருப்பார்கள். அதை எடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. அந்த நீலத்தைப் பார்த்ததுமே ‘எக்ஸ்ரே’ என்று மனம் சொல்லிவிடுகிறது.

இப்போது லேப்களில் தரும் டிரை ஃபிலிம்களில் (கழுவும் திரவம் இல்லாமல் அச்சாகும் ஃபிலிம்களில்) பல, சூட்டில் கறுத்துப்போகும். பழைய ஹாலஜன் விளக்கின் முன்னாலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைத்து, “என் அம்மாவின் படம் கெட்டுவிட்டது” என்று வருந்தியவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கறுப்பை மீட்க வழியில்லை. எல்.இ.டி. வெளிச்சம் மட்டும் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, ஃபிலிமின் மூலையில் பெயரும் வயதும் தேதியும் எண்ணும் இருக்கும். எடுக்கும் முன்பே கறுப்புத் துண்டால் மூடுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒருநாள் மறந்துபோகும். வேறொருவருடைய ஃபிலிம் என்றால் அவரிடம் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

ஆக்சிமீட்டர், மானிட்டர்: எண்கள் பாதி காணோம், சிவப்பு வெளிச்சம் வெறும் திட்டாக வருகிறது

சிவப்பு எண்கள் உள்ள கருவிகளில் எல்லா இலக்கமும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாக எரிவதால் நம் கண் அதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது, வேகமான ஷட்டரால் அப்படிச் சேர்க்க முடியாது. 1/30 அல்லது அதைவிட மெதுவாக எடுங்கள். ஈ.சி.ஜி. அலை ஓடும் திரைக்கு 1/15 வரை போகலாம். அலை முழுதாக வேண்டும் என்று இன்னும் மெதுவாக்கினால் எண்கள் மாறி ஒன்றன்மேல் ஒன்று விழும்.

ஆக்சிமீட்டருக்குள் சிவப்பு ஒளியும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறி எரிகின்றன. சில போன் கேமராக்கள் அந்த அகச்சிவப்பை மங்கலான ஊதாவாகக் காட்டும். அது கருவியின் பழுது அல்ல. விரல் சிவந்து ஒளிரும் படம் வேண்டுமென்றால் எக்ஸ்போஷரை −1.5 அளவுக்கு இறக்குங்கள். சிவப்பு மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடுவதால்தான் ரேகைகள் திட்டாகின்றன.

ஊசி முனை மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல்

மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில், பொருளின் உண்மை அளவிலேயே எடுக்கும்போது லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் தெளிவாக வரும் ஆழம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் சற்று மழுங்கும். எஃப் 8 வைத்து, ஃபோக்கஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பத்துப் பதினைந்து படம் எடுத்து மென்பொருளில் அடுக்கிச் சேர்ப்பது நல்லது. பொறுமை இல்லாத நாளில் ஊசியைக் கேமராவுக்கு இணையாகப் படுக்க வையுங்கள், அதிலேயே பாதி தீர்ந்துவிடும்.

பயன்படுத்திய ஊசியைப் படத்துக்காகக்கூடத் தொடாதீர்கள். சர்ஜிக்கல் கடையிலும் மெடிக்கலிலும் உறை பிரிக்காத புது சிரிஞ்சு சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. முடிந்ததும் குப்பைத் தொட்டியில் போடாமல், கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, பக்கத்து கிளினிக்கிலோ லேபிலோ கேட்டுக் கொடுங்கள். 2016-இன் மருத்துவக் கழிவு விதிகள் ஊசி வகைகளுக்கென்றே குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டியை வைத்திருக்கின்றன. குப்பை பிரிப்பவர்களின் கை நம் கையைப் போன்றதுதான்.

பழைய பி.பி. கருவி: அளவுகோல் மங்கல், அல்லது மேஜையில் வெள்ளி மணிகள்

முதலாவது எளிது. பாதரசக் குழாயின் கண்ணாடியில் எதிர்ச் சுவர் தெரிகிறது, கேமராவுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் போய்விடும்.

இரண்டாவது நடந்தால் படத்தை மறந்துவிடுங்கள். உருளும் வெள்ளி மணி அழகாக இருக்கும், அதை விரட்டிப் படம் எடுக்கும் ஆசையும் வரும், வேண்டாம். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறங்கள். துடைப்பத்தால் பெருக்கினாலும் வாக்யூம் போட்டாலும் மணிகள் சிதறி ஆவியாவது கூடும். இரண்டு கெட்டி அட்டைகளால் ஒதுக்கி, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். வாஷ்பேசினில் ஊற்றக் கூடாது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடா மக்கள் பாதரச நஞ்சால் பட்ட துயரத்தின் பெயரில்தான் 2013-இல் மினமாட்டா ஒப்பந்தம் உருவானது. தெர்மாமீட்டரும் பி.பி. கருவியும் பாதரசத்தை விட்டு விலகுவதற்கு அதுவும் ஒரு காரணம். பாதரசக் கருவியை மூடிய பெட்டியோடு, நிமிர்த்தி வைத்து, ஆட்டாமல் எடுங்கள்.

எல்லாம் சரியாக வந்தும் படம் பார்ப்பவர் முகம் சுளிக்கிறார்

இதுவும் ஓர் அறிகுறிதான். படத்தில் பயம் மட்டும் இருக்கிறது என்று பொருள். ஊசி முனை கேமராவை நோக்கி நிற்கிறதா, சிவப்புத் திரவம் தேவைக்கு மேல் இருக்கிறதா, பின்னணி முழுக்கக் கறுப்பா என்று பாருங்கள். ஊசியைத் திருப்புங்கள், கறுப்பை எனாமல் வெள்ளையாகவோ பழைய மரமாகவோ மாற்றுங்கள்.

பெரும்பாலும் குறைவது மனிதர்தான். 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சில் வைத்துக் கேட்டதில் பிறந்தது ஸ்டெதஸ்கோப். ஒருவர் இன்னொருவரைக் கேட்பதற்காகவே வந்த பொருளை மேஜையில் சுருட்டிப்போட்டு எடுத்தால் பாதிக் கதை விடுபட்டுப்போகிறது. ஒரு கை அதைப் பிடித்திருக்கட்டும். நகமும் நரம்பும் தெரியும் வயதான கையாக இருந்தால் இன்னும் நல்லது.

மருத்துவமனைக்குள் போய் எடுக்க நினைத்தால் அனுமதி எழுத்தில் வாங்குங்கள், நோயாளி இருக்கும் திசையில் கேமராவைத் திருப்பாதீர்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கேமராவோ டிரைபாடோ கொண்டு போகவே கூடாது. இயந்திரம் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் இழுத்துக்கொண்டே இருக்கும்.

அப்பாவின் மிக்சர் பாட்டிலை நான் ஆறு முறை எடுத்தேன். ஐந்து முறை பாட்டில் மட்டும் இருந்தது. ஆறாவது முறை அப்பாவையே ஜன்னலோரம் உட்காரவைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்தேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, கட்டைவிரலை இரண்டாவது வெட்டில் வைத்து, “ராத்திரி இது வரைக்கும்மா” என்றார். நான் அப்போதுதான் ஷட்டரை அழுத்தினேன்.